பெரிய டி.வி.க்கும் குத்தூசி போட்டுப் பார்க்க வேண்டும்



2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்றிலிருந்து நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் துவரம் பருப்பு விலைக்கு அடுத்தபடியாக, "எத்தனை இஞ்ச் வாங்கலாம்?" என்ற பேச்சுதான் நடக்கிறது. 32 இஞ்ச் வரையுள்ள சின்ன டி.வி.க்கு 2019 ஜனவரியிலேயே வரி 18 சதவீதம் ஆகிவிட்டது. பெரியதுக்கு ஆறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அந்தச் சலுகை வந்தது.

முதலில் இந்த வரிக் கணக்கைச் சரியாகப் பார்த்துவிடுவோம். வரி பத்துப் புள்ளி குறைந்தது என்றால் விலையும் நூற்றுக்குப் பத்து குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அடக்க விலை ரூ.50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வரி ரூ.14,000 சேர்த்து ரூ.64,000. இப்போது வரி ரூ.9,000 சேர்த்து ரூ.59,000. குறைவது ரூ.5,000, அதாவது 64,000க்கு எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. "ஜி.எஸ்.டி. குறைப்பு, பத்து சதவீதம் தள்ளுபடி" என்று எவராவது போர்டு வைத்திருந்தால், மீதி இரண்டு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். அவர் லாபத்தில் விட்டுக்கொடுத்தால் சந்தோஷம். விலையை முதலில் ஏற்றிப் பிறகு இறக்கினாரா என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பருப்பும் மிளகாய் வற்றலும் விற்கிறவனுக்கு டி.வி.யைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்தது சரக்கு வாங்கும் முறை. நாற்பது வருஷமாக நான் மூட்டையின் மேல் அச்சடித்த பெயரைப் பார்த்துப் பணம் கொடுத்ததில்லை. நீங்களும் அப்படித்தான். குத்தூசி போட்டு நாலு பருப்பை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுகிறோம். குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற அதே ஆள், அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய் டி.வி.யை மட்டும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளை நம்பி, சில சமயம் செல்போனில் படத்தை மட்டும் பார்த்து, வாங்கிவிடுகிறார். என் ஆட்சேபனை இதுதான். டி.வி.யும் சரக்குதான். அதற்கும் மாதிரி பார்க்கிற வழி உண்டு.

முதலில் அளவு. டி.வி.யின் இஞ்ச் என்பது குறுக்குவாட்டில் மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. பெட்டியில் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். 139 என்றால் 55 இஞ்ச், 108 என்றால் 43 இஞ்ச். சுவரில் அது அடைக்கிற இடம் வேறு கணக்கு. 43 இஞ்ச் டி.வி. சுமார் மூன்றேகால் அடி அகலம், 55 என்றால் நாலு அடி, 65 என்றால் நாலே முக்கால் அடி, 75 என்றால் ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு. 55க்கும் 65க்கும் பத்து இஞ்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பளவில் பார்த்தால் 65 நாற்பது சதவீதம் பெரியது. அதனால்தான் ஒரு படி மேலே போகும்போது விலையும் அப்படித் தாவுகிறது.

எத்தனை இஞ்ச் வேண்டும் என்பதை ஷோரூமில் முடிவு செய்யவே கூடாது. அங்கே கூரை உயரம், ஹால் நீளம், பக்கத்தில் 85 இஞ்ச் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் 55 இஞ்ச் செல்போன் மாதிரித் தெரியும். வீட்டில் அளந்துகொண்டு போங்கள். சுவருக்குச் சுவர் அளக்க வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்து டி.வி. வரைக்கும் அளந்து, அதை இஞ்சாக்கி, ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏழு அடி என்றால் 84 இஞ்ச், வகுத்தால் 56, ஆகவே 55 இஞ்ச் டி.வி. எட்டு அடி என்றால் 65 வரை போகலாம். ஒன்பது அடி என்றால் 70, 75 வரைக்கும் தாங்கும். நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. பத்தடி அகல ஹால், அதில் சோபா, அதன் முன்னால் டீப்பாய். அங்கே 75 இஞ்சை மாட்டினால் பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி ஏறுமா என்பது தனிப் பிரச்சினை. பெரிய டி.வி.யை நிமிர்த்தியேதான் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் உள்ளே கண்ணாடி வளைந்து போய்விடும்.

மாட்டும் உயரமும் முக்கியம். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து மூன்றரை அடி அளவில் டி.வி.யின் நடுப்பகுதி வரவேண்டும். நம் வீடுகளில் அதைச் சாமி படத்துக்குச் சமமான உயரத்தில் மாட்டிவிட்டு, மூன்று மணி நேரப் படம் பார்த்து முடிந்ததும் கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறோம்.

இனி, எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் சரக்கு எடுக்கிற சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன வருஷம் 65 இஞ்ச் 4கே டி.வி. வாங்கினார். வாங்கி ஒரே வாரத்தில் என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நல்லா ஏமாந்துட்டேன். கடையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வீட்டுல மாட்டினா ஆட்டக்காரன் மூஞ்சியே தெரியல, தண்ணியில நனைஞ்ச படம் மாதிரி இருக்கு" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். டி.வி.யில் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த கேபிள் இணைப்பு சாதாரண இணைப்பு. பழைய குண்டு டி.வி.க்கு வந்த அதே படம்.

கணக்கு மிகவும் எளிது. டி.வி. படம் என்பது கோலம் மாதிரி புள்ளிகளால் ஆனது. சாதாரண சேனலில் வருவது சுமார் நாலு லட்சம் புள்ளி. எச்.டி. சேனல் நல்லது என்றால் சுமார் 20 லட்சம். 4கே டி.வி.யின் திரையில் இருப்பதோ 83 லட்சம் புள்ளி. நாலு லட்சத்தை 83 லட்சமாக நிரப்ப வேண்டுமானால், வருகிற ஒரு புள்ளியை டி.வி. இருபதாகப் பெருக்கிக் காட்ட வேண்டும். நூறு கிராம் காப்பித்தூளில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே காப்பி போடுகிற கதைதான் அது. திரை பெரிதாகப் பெரிதாகக் குறையும் பெரிதாகத் தெரியும். அந்த நண்பர் கேபிள்காரரிடம் சொல்லி எச்.டி. பெட்டிக்கு மாறி, விளையாட்டுச் சேனல்களையும் எச்.டி.யிலேயே எடுத்த பிறகு அவருடைய குறை தீர்ந்தது.

ஆகவே டி.வி.க்கு எழுபதாயிரம் ஒதுக்குகிறவர், மாதாமாதம் உள்ளே வரப்போகிற சரக்குக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஐ.பி.எல்., உலகக் கோப்பை முதலியவற்றையும் புதுப் படங்களையும் இண்டர்நெட் வழியாகப் பார்ப்பதாக இருந்தால் வீட்டுக்கு வரும் இணைப்பு நிதானமாக 25 எம்.பி.பி.எஸ். கொடுக்க வேண்டும், ரூட்டர் கீழே கடையில் இருந்து டி.வி. மாடியில் இருந்தால் அந்த 25 மேலே வந்து சேராது, டி.வி.க்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிடுவது நல்லது. இண்டர்நெட்டில் வரும் மேட்ச் கேபிளைவிடச் சில விநாடிகள், சில சமயம் அரை நிமிஷத்துக்கு மேலேயே, பின்தங்கி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் கைதட்டல் கேட்ட பிறகு நம் வீட்டில் பவுலர் ஓடி வருவார். கடைசி ஓவர் பரபரப்புதான் முக்கியம் என்பவர்கள் எச்.டி. கேபிள் அல்லது டிஷ் இணைப்பை விட்டுவிட வேண்டாம். சாதாரண கேபிளே போதும், மாற்ற மாட்டேன் என்பவர், மேலே சொன்ன கணக்கில் ஒன்றரைக்குப் பதில் இரண்டால் வகுத்து, ஒரு படி சின்ன டி.வி.யாக வாங்கட்டும். படமும் நன்றாக இருக்கும், பணமும் மிச்சம். 8கே என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கு ஏற்ற மேட்சும் படமும் வீட்டுக்கு வர வழியில்லாதபோது அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்தது லேபிள். எல்.ஈ.டி. டி.வி. என்று சொல்வதெல்லாம் எல்.சி.டி. திரைதான், பின்னால் எரிகிற விளக்குதான் எல்.ஈ.டி. க்யூ.எல்.ஈ.டி. என்பதும் அதே ரகம், நிறத்தைக் கூட்டிக் கொடுக்க நடுவில் ஒரு படலம் சேர்த்திருப்பார்கள். மினி எல்.ஈ.டி. என்றால் பின்னால் உள்ள விளக்குகள் மிகச் சிறியவை, பல பகுதிகளாகப் பிரித்து வேண்டிய இடத்தில் கூட்டவும் குறைக்கவும் முடியும். இது உண்மையிலேயே ஒரு படி மேல். ஓ.எல்.ஈ.டி. என்பது வேறு ஜாதி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ஒரு எழுத்து வித்தியாசத்தில் க்யூ.எல்.ஈ.டி.யையும் ஓ.எல்.ஈ.டி.யையும் ஒன்றாக எண்ணி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பாமாயிலுக்கும் கடலை எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் டின்னின் நிறத்தில் தெரியாது என்பதை நமக்குச் சொல்ல வேண்டுமா?

இதில் எது நல்லது என்று கேட்டால், யார், எப்போது பார்க்கப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். விளையாட்டுக்கு நல்ல டி.வி. கேட்பதும் சினிமாவுக்கு நல்ல டி.வி. கேட்பதும் ஒன்றல்ல, இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுக்கும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்த ஹாலில், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து மேட்ச் பார்க்க வேண்டுமானால் முதல் தேவை வெளிச்சம். விலை குறைந்த டி.வி.க்களில் வெளிச்சம் 250, 300 நிட்ஸ் அளவோடு நின்றுவிடும். திரையில் ஆட்டத்துக்குப் பதில் நம் ஜன்னல்தான் தெரியும். அதன் மேலேயும் எச்.டி.ஆர். என்று லேபிள் ஒட்டியிருப்பார்கள். அந்த எச்.டி.ஆர். கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் இதைப் போல இரண்டு மடங்காவது வெளிச்சம் வேண்டும்.

சினிமாவுக்கு முதல் தேவை இருட்டு. இரவுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்துத் தெரியக் கூடாது. எல்.சி.டி. திரையில் இரண்டு ரகம் உண்டு. வி.ஏ. என்கிற ரகத்தில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். ரகத்தில் பக்கவாட்டிலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் இருட்டு அறையில் கறுப்பு வெளுக்கும். ஓ.எல்.ஈ.டி.யில் இரண்டும் உண்டு, விலையும் உண்டு. ஆனால் அதில் ஒரு ஆபத்து: ஒரே எழுத்து, ஒரே பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தடம் நாளடைவில் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடக் கூடும். காலையிலிருந்து இரவு வரை செய்திச் சேனலை ஓடவிட்டு வைத்திருக்கும் வீட்டுக்கு, ஸ்கோர் பட்டையோடு ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்க்கும் பெரியவர் உள்ள வீட்டுக்கு, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நம் வர்க்கத்தின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கடையை அடைத்து, கல்லாக் கணக்கு முடித்து, வீட்டுக்குப் போக இரவு பத்து மணி. ஐ.பி.எல். இரவு ஆட்டம் ஏழரைக்குத் தொடங்குகிறது. நாம் போய்ச் சட்டையைக் கழற்றி உட்காரும்போது இரண்டாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஹாலில் ஒரு விளக்குதான் எரியும். பகலில் அதே டி.வி.யைப் பார்ப்பவர்கள் அம்மாவும் மனைவியும் பேரப்பிள்ளைகளும். அவர்கள் சமையலறை வாசலில் நின்றும், தரையில் பாய் போட்டும், எல்லாக் கோணத்திலிருந்தும் பார்ப்பவர்கள். ஆகவே குடும்பத்தலைவர் தான் பார்க்கும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் மனதில் வைத்து டி.வி. தேர்ந்தெடுப்பது நியாயமில்லை. பெரும்பாலான நம் வீடுகளுக்கு, நல்ல வெளிச்சம் உள்ள, பக்கவாட்டிலும் சுமாராகத் தெரிகிற எல்.சி.டி. ரகமே பொருத்தம், கையில் தாராளம் இருந்தால் மினி எல்.ஈ.டி. தனி அறையில், விளக்கணைத்து, இரவில் படம் பார்ப்பதே முக்கியம் என்பவர் மட்டும் ஓ.எல்.ஈ.டி.க்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரை விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்கிறார்கள். சாதாரணமானவை 60, நல்லவை 120. பந்து வேகமாகப் போகும்போது வால் முளைக்காமல் இருக்க 120 உதவும். சினிமாப் படம் விநாடிக்கு 24 சட்டம். 24ஐ 60ல் சமமாகப் பங்கிட முடியாது, மீதி விழும். அதனால் கேமரா நகரும் காட்சியில் லேசான வெட்டு தெரியும். 120ல் ஐந்தைந்தாகச் சரியாகப் போய்விடும். ஆனால் லேபிளில் 'மோஷன்' என்ற பெயரோடு 240, 480 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் திரையின் உண்மையான எண் அல்ல. "பேனலோட ஹெர்ட்ஸ் என்ன?" என்று கேளுங்கள். விற்பனையாளர் தடுமாறினால் அது 60தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்ந்த ஒரு தொல்லை, டி.வி. தானாகவே இடைச்சட்டம் சேர்த்து ஓட்டத்தை வழவழப்பாக்குவது. மேட்சுக்கு அது பரவாயில்லை. சினிமாவில் போட்டால் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் வீட்டுச் சீரியல் மாதிரித் தெரியும். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதற்காகவே ஒரு வீடியோ வெளியிட்டு, படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகு 2019ல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஏற்பாட்டையே சில கம்பெனிகள் கொண்டுவந்தன. உங்கள் டி.வி.யில் அது இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி' என்று ஒன்று இருக்கும். படத்துக்கு அதைப் போடுங்கள்.

இப்போது குத்தூசிக்கு வருவோம். கடைகளில் டி.வி.யை 'விவிட்' என்ற கண்ணைப் பறிக்கும் நிலையில் வைத்து, கம்பெனியே கொடுத்த மீனும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் ஓடும் படத்தைப் போட்டிருப்பார்கள். அது மூட்டை வாயில் வைக்கிற முதல் ரகப் பருப்பு. உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டுமானால், "விவிட்டை எடுத்துட்டு சினிமா மோடுல போடுங்க தம்பி" என்று சொல்லுங்கள். கேபிளையோ டிஷ்ஷையோ சொருகி ஒரு மேட்சைப் போடச் சொல்லுங்கள். பழைய மேட்ச் ஆனாலும் சரி. பச்சை மைதானத்தில் பந்து ஓடும்போது பாருங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தின் இரவுக் காட்சியை இண்டர்நெட்டில் போடச் சொல்லிப் பாருங்கள். ஆள் தெரிகிறாரா, கறுப்புச் சட்டையில் மடிப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் அம்மா உட்காரும் கோணத்தில் போய் நில்லுங்கள். கடைசியாக ஒரு வெள்ளைத் திரையும் ஒரு கறுப்புத் திரையும் போட்டால், கோடு, புள்ளி, மூலையில் வெளிச்சம் கசிவது எல்லாம் தெரிந்துவிடும். மொத்தம் பதினைந்து நிமிஷம். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

சத்தம்: மெல்லிய டி.வி.யில் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, சத்தம் கீழேயோ பின்னாலேயோ போகும். எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு ஒரு சவுண்ட்பார் சேர்த்துக்கொண்டால் வசனம் புரியும். 65 இஞ்சும் டி.வி. ஸ்பீக்கருமாக வாங்குவதைவிட 55 இஞ்சும் சவுண்ட்பாருமாக வாங்குவது படம் பார்க்கிறவருக்கு லாபம். டி.வி.க்குள் இருக்கும் ஆப் விஷயங்களுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம்; அவை சில வருஷத்தில் மெதுவாகிவிடும், அப்போது சில ஆயிரத்துக்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். கரண்ட் செலவு பயப்படும் அளவு இல்லை: 120 வாட் டி.வி. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் நம்மவர்களே ஏமாறுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். ரூ.60,000 டி.வி., மாதம் ரூ.5,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டி பூஜ்யம். அதே டி.வி.க்கு மொத்தப் பணம் என்றால் என்ன விலை என்று கேளுங்கள். ரூ.57,000 என்று சொன்னால், அந்த மூவாயிரம்தான் வட்டி. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கட்டுவதாக வைத்துக் கணக்குப் போட்டால் நம் பாஷையில் 80 பைசா வட்டி, வருஷத்துக்கு 9.6 சதவீதம். இதன் மேல் கார்டுக்காரர்கள் பிராசஸிங் கட்டணமும், அதற்கும் வட்டிக்கும் ஜி.எஸ்.டி.யும் போடுவது உண்டு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளித்து வசூலிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர் 17ஆம் தேதி சுற்றறிக்கையில் வங்கிகளைக் கண்டித்தது. 80 பைசா வட்டி கொடிய வட்டி அல்ல. சரக்கில் பணம் புரட்டுகிறவருக்கு அது கட்டுபடியாகவும் கூடும். தெரிந்து கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. "கடை பெயர்ல, ஜி.எஸ்.டி. நம்பர் போட்டு பில் வாங்குங்க, 18 சதவீதம் திரும்ப எடுத்துக்கலாம்" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. ரூ.59,000 டி.வி.யில் ஒன்பதாயிரத்தை எடுத்துவிட்டு, ஆடிட் வரும்போது வட்டியும் அபராதமுமாகக் கட்டுவதா? தவிர, கடை பெயரில் பில் இருந்தால், நாளை டி.வி. கெட்டு நுகர்வோர் கமிஷனுக்குப் போகும்போது, இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுத்ததாகும். சொந்தப் பெயரில், வீட்டு விலாசத்தில் பில் வாங்குங்கள்.

கடைசியாக, எங்கே வாங்குவது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை. ஆன்லைன்காரர்களும் பெரிய மால்காரர்களும் நம் வியாபாரத்தைக் கொண்டு போகிறார்கள் என்று வருஷா வருஷம் தீர்மானம் போடுகிறோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய கையாலேயே பண்டிகைத் தள்ளுபடியில் டி.வி. ஆர்டர் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது வியாபாரியின் ரத்தத்தில் ஊறியது. ஆனால் டி.வி.யில் விலை மட்டுமே விலை அல்ல. நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு ஆன்லைனில் வந்த டி.வி.யில் மாட்டும்போதே குறுக்கே ஒரு கோடு. விற்றவர் கம்பெனியைக் கைகாட்டினார். கம்பெனி, அடிபட்ட பேனலுக்குக் கேரண்டி இல்லை என்றது. கொண்டுவந்தவர் பெட்டி நன்றாகத்தான் இருந்தது என்றார். பேனல் மாற்ற டி.வி. விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். இரண்டு மாதம் அலைந்தார். அப்படி வாங்கியே தீர வேண்டுமென்றால், கொண்டுவந்த ஆள் முன்னாலேயே பிரித்து, எரியவைத்துப் பார்த்து, அதைச் செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

நம் பஜாரில் டி.வி. கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்களிடம் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுக்க நாங்கள் தயார். எதற்காக? மூன்று மாதம் கழித்து ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், "அனுப்பி வைங்கண்ணே, பார்த்துக்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காக. அதை விட்டுவிட்டு, பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டு கொடுப்பது, கேரண்டி கார்டில் முத்திரை வைக்காமல் அனுப்புவது, மாட்ட வரும் பையன் தனியாக ஆயிரம் கேட்பது, பழைய மாடலைப் புது மாடல் விலைக்குத் தள்ளுவது என்று நடந்தால், ஆன்லைன்காரரைவிட நீங்கள் எதில் உசத்தி? முக்கியமாக, கடையில் ஒரு எச்.டி. கேபிள் இணைப்பு வைத்து, வாடிக்கையாளர் கேட்டதைப் போட்டுக் காட்டுங்கள். ஆன்லைனால் செய்ய முடியாத ஒரே காரியம் அதுதான். மாதிரி காட்டி விற்க உங்களுக்கு இடம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பாக, டி.வி. வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் நாலைந்து பேரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் 55 இஞ்சிலும் 65 இஞ்சிலும் இரண்டிரண்டு ரகத்தை வரிசையாக வைத்து, ஒரே கேபிளில் ஒரே மேட்சைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்யலாம். இருபது, முப்பது உறுப்பினர்கள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் விலையும் மொத்த விலையாகப் பேசலாம். பேச்சுவார்த்தைக்கு என்னை அழைத்தால் வருகிறேன். மேலே நான் எழுதியதில் டி.வி. கடைக்காரர்களுக்கு மறுப்பு இருந்தால், அடுத்த இதழிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.